அரிவாள் பக்கம்

நான் கட்டிய சாரத்திலிருந்து இதுவரைக்கும் ஒரு ஆள் கீழே விழுந்ததில்லை. கோயமுத்தூரிலிருந்து தாராபுரம் வரைக்கும் எந்தக் கோபுரத்தடியில் வேண்டுமானாலும் நின்று கேட்டுப் பாருங்கள். ஆறுச்சாமி கட்டியது என்றால் கொத்தனாரும் பெயிண்டரும் மறுபேச்சில்லாமல் ஏறுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டத்துக் கூலி வேலைக்குப் போனவருக்கு மகனாகப் பிறந்து, சவுக்குக் கம்பைத் தோளில் சுமந்து தொழிலுக்கு வந்து, இன்றைக்கு இரும்புக் குழாயும் பலகையுமாகச் சொந்த லாரியில் அனுப்புகிறேன். எங்கள் அப்பன் எந்தக் கோவில் வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாரோ, அந்தச் சாமியின் தோளுக்கு மேலே என் பலகை நிற்கிறது. பெருமைக்குச் சொல்கிறேன் என்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமை போன ஆனி மாசம் ஒரு மத்தியானம் போயிருக்க வேண்டியது. அவிநாசிக்கு வடக்கே ஓர் ஊரில், முனியப்பன் சிலைக்குக் கட்டியிருந்த சாரத்தின் உச்சிப் பலகையில் என் தங்கை அன்புச்செல்வி நின்றிருந்தாள். அவளுடைய இடது பாதம் பாதிக்கு மேல் பலகைக்கு வெளியே, காற்றில் இருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்புச்செல்வி என்னிடம் சித்தாளாக வேலைக்கு வந்தவள். கோபுர வேலை ஒன்றில், தெற்கேயிருந்து வந்த பெயிண்டர் ஒருவர் துவாரபாலகருக்கு மீசை போடாமலேயே காய்ச்சல் என்று படுத்துவிட்டார். இவள் யாரையும் கேட்கவில்லை. பிரஷ்ஷை எடுத்தாள், மீசையைப் போட்டுவிட்டாள். மூக்கடியில் ஆரம்பித்து, கன்னத்தில் ஏறி, காதோரம் சுருண்டு நிற்கிற வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவில் பிரஷ் எழவேயில்லை. மறுநாள் அந்த மனுஷன் வந்து பார்த்தார். வையப்போகிறார் என்று நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் வையவில்லை. தன்னுடைய பிரஷ்களை எல்லாம் அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அதற்கப்புறம் அவள் மண்ணோ சிமெண்டோ சுமக்கவில்லை. முனியப்பனா, கருப்பராயனா, மீசைக்கு அன்புச்செல்வியைக் கூப்பிடு என்று இந்தப் பக்கத்தில் பேர் ஆனது. என் சாரத்தில் ஏறித்தான் அந்தப் பேரை வாங்கினாள் என்பதையும் என் கணக்கில் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

அந்த ஆனிக்கு இரண்டு வருஷம் முன்னால் சோமனூரில் அவள் வீட்டில், காலையில் குடத்தைத் தூக்கும்போது இடது பக்கம் துவண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் போட்டுப் பிழைக்க வைத்தோம். காலும் கையும் மெல்ல மெல்ல வந்துவிட்டன. வலது கைக்கு ஒன்றுமே ஆகவில்லை. பிரஷ் பிடிக்கிற கை தப்பித்தது என்று நான் தேங்காய் உடைத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது. தட்டில் சோறு போட்டால் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, "ஏனுங்க, இத்தனைதான் வெச்சீங்களா?" என்று புருஷனைக் கேட்பாள். அவள் புருஷன் தமிழ்வேந்தன் தறி ஓட்டுகிறவர், சாது. தட்டை ஒரு திருப்பு திருப்பி வைப்பார். "இப்ப யாரு போட்டது?" என்பாள். தலையில் ஒரு பக்கம் மட்டும் சீவியிருக்கும். சாய்ப்ரியா என்று கை கால் பழக்கிவிடுகிற பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தது. அது ஒரு தாளைக் கொடுத்து சூரியகாந்திப் பூ வரையச் சொன்னது. வலது பக்கம் இதழ் இதழாக அத்தனை அழகு. இடது பக்கம் வெறும் தாள்.

"நல்லா வந்திருக்குதுங்களாண்ணா?" என்று என்னிடம் காட்டினாள்.

தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாய்ப்ரியா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னது. "அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துருது. இல்லாத பக்கத்தை யாருங்க தேடுவாங்க? நாமதான் பழக்கோணும். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவங்க மொதமொதல்ல அந்தப் பக்கம் தலையைத் திருப்பினது நீங்க அக்கட்ட நின்னு லாரி வாங்கின கதையைச் சொன்னப்பத்தான்."

"என்ற கதையைக் கேட்டா செத்தவனுந் திரும்புவான் அம்மணி," என்றேன்.

"இல்லீங்க. 'அண்ணனைச் சித்தெ நிறுத்தச் சொல்லுங்க'ன்னு சொல்றதுக்குத் திரும்பினாங்க."

அந்தப் பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தது. தட்டு, கதவு, சுவர், எதுவானாலும் இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி. சிவப்பு கண்ணில் படுகிற வரைக்கும் தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், அதற்கு முன்னால் நிற்கக் கூடாது. தமிழ்வேந்தன் வீடெல்லாம் சிவப்புத் துணி கட்டிவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகு தறிக்குடோன் சுவரில் ஒரு மயிலை வரைந்தாள். தோகையின் கடைசி இறகு சிவப்புத் துணியைத் தொட்டுக்கொண்டு நின்றது. முழு மயில்.

"இது போதுமே கண்ணு," என்றேன். "ஊட்டுக்குப் பக்கத்துலயே இப்படி வரைஞ்சுட்டு இரு."

"சுவத்துல வரையறது பொழுது போறதுக்குங்கண்ணா. எனக்கு ஒரு மொகம் வேணும். நிமுந்து பார்த்தா பயம் வர்ற மாதிரி ஒரு மொகம். அதைப் போட்டாத்தான் நான் பொழைச்சேன்னு எனக்கே நம்பிக்கை வரும்."

அந்த முகம்தான் முனியப்பன்.

கோவில் கமிட்டித் தலைவர் பொங்கியண்ணன். தென்னந்தோப்பும் பனியன் கம்பெனியும் உள்ளவர், நிதானமான ஆள். சாரம் பேச என்னைத் தேடி அவள் வீட்டுக்கே வந்தவர், "உங்க தங்கச்சி இப்ப எப்படிங்க? மீசைக்கு அவங்கதான் வேணும்," என்றார். "கை தங்கமா இருக்குதுங்க," என்றேன். பொய் இல்லை, கை தங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்புச்செல்வி உள்ளேயிருந்து வந்து தன் வாயால் எல்லாவற்றையும் சொன்னாள். "இடது பக்கம் எனக்கு மறந்துருமுங்க. செகப்புத் துணி கட்டிக்கிட்டா தெரிஞ்சுருமுங்க. யோசனை பண்ணிச் சொல்லுங்க."

அவர் குடோனுக்குப் போய் மயிலின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "சரிங்க அம்மணி, போடுங்க. ஆனா ஊருக்குள்ள இது தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஆளுக்கொண்ணு பேசுவாங்க," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

முனியப்பன் உட்கார்ந்த சிலை. உட்கார்ந்தபடியே மூன்று ஆள் உயரத்துக்கு மேல். வலது கையில் ஓங்கிய அரிவாள். எதிரே நின்று பார்க்கிறவருக்கு அரிவாள் இடது பக்கமாக வரும். அதனால் அந்தப் பக்கத்தை நாங்கள் அரிவாள் பக்கம் என்றே சொல்லிக்கொண்டோம். ஒவ்வொரு அடுக்கிலும் அரிவாள் பக்கக் கடைசிக் குழாயில் நானே சிவப்புத் துணி கட்டினேன். சுற்றிலும் பச்சை வலை போட்டோம். மேனி நிறம் அடிக்க இரண்டு பெயிண்டர்கள் வந்து, அடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். மீதி, அதாவது புருவம், மீசை, கடுக்கன், கண் எல்லாம் அன்புச்செல்விக்கு. தமிழ்வேந்தன் காலையில் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தறிக்குப் போவார், பொழுதுசாய வந்து கூட்டிப்போவார். பெயிண்ட் எடுத்துக் கொடுக்க என் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள், சிவப்புத் துணி எதற்கென்று அவர்களுக்கும் சொல்லவில்லை. எனக்குத் தாராபுரத்தில் ஒரு கோபுரத்து வேலை. போய்விட்டேன்.

திரும்பி வந்தது கும்பாபிஷேகம் நடக்கிற வாரத்தில். லாரியை விட்டு இறங்கினேன். ஆனிக் காத்து ஆளைத் தள்ளியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து, பச்சை வலையைப் படபடவென்று அடித்தது. சாரத்தடியில் வயசான ஒரு அம்மா, கையில் சிவப்புத் துணியோடு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க மேல போறீங்களா? இதையுஞ் சித்தெ கட்டிப்போட்டு வந்துருங்க."

"எதுக்குங்க அம்மணி?"

"எதுக்கா? வேண்டுதலுக்குத்தான். படம் போடற அந்தம்மா மொதல்ல கட்டினாங்களாமா. சாகக் கெடந்தவங்க. துணி கட்டின பொறவுதான் ஏறி நின்னு படம் போடறாங்களாமா. இப்ப ஊரே கட்டுது. எங்களுக்கு ஏற முடியாதுல்ல, உங்க ஆளுககிட்டக் குடுத்தாக் கட்டிப்போடறாங்க. தங்கமான பசங்க."

நிமிர்ந்து பார்த்தேன். வலது குழாயில் சிவப்பு. நடுக்குழாயில் சிவப்பு. குறுக்குக் குழாயில் வரிசையாகச் சிவப்பு. அடியிலிருந்து உச்சி வரைக்கும் என் சாரம் பூராவும் சிவப்பு பறந்தது. சிவப்பைப் பார்க்கிற வரைக்கும் திரும்பு என்று சொல்லித்தானே பழக்கியிருந்தோம்? திரும்பினால் இப்போது மூக்குக்கு நேராகவே சிவப்பு இருக்கிறது.

வலை காற்றில் விலகிய நேரத்தில் சாமியின் முகத்தைப் பார்த்தேன். வலது பாதியில் புருவம், சுருண்டு ஏறிய மீசை, கடுக்கன். அரிவாள் பக்கத்தில் வெறும் மேனி நிறம்.

"ஏன் அந்தப் பக்கம் வெறுமையா இருக்குது?" என்றேன்.

பக்கத்தில் நின்ற பூசாரி சிரித்தார். "திருஷ்டிக்குங்க. முழுசா முடிச்சா கண்ணு பட்டுரும்னு ஒரு பக்கம் மூளியா உட்டு வெச்சிருக்குது அந்தம்மணி. வெவரமானவங்க."

அப்போதுதான் அவளுடைய காலைப் பார்த்தேன்.

பாதி பாதம் வெளியே. இடுப்பில் பெல்ட் போட்டிருந்தாள். ஆனால் பெல்ட்டின் கொக்கி இடது இடுப்பில், எதிலும் மாட்டாமல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பதே அவளுக்கு நினைவில்லை. வலது பக்கத்து மீசை நுனியைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, எல்லா ஓவியக்காரர்களையும் போல, இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம் என்று இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

கத்தியிருந்தால் திடுக்கிட்டுக் காலை மாற்றி வைத்திருப்பாள். இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டிருந்தால் இன்னும் அந்தப் பக்கமே வந்திருப்பாள். நான் ஓடவில்லை. நடந்து, சிலையைச் சுற்றி வலது பக்கத்துக்குப் போனேன். அந்த நடை என் ஆயுசிலேயே நீளமான நடை. அங்கே நின்று, வீட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன்.

"அம்மணி! இக்கட்ட பாரு கண்ணு. அண்ணன் வந்திருக்கறேன்."

தலை திரும்பியது. உடம்பு திரும்பியது. கடைசியாகக் கால் பலகைக்குள் வந்தது.

"எப்பங்கண்ணா வந்தீங்க?"

"இப்பத்தான். அப்படியே உக்காரு. டீ வாங்கிட்டு வந்திருக்கறேன். எந்திரிக்காத." என் ஆள் ஒருவன் ஏறி அவள் கொக்கியை மாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கீழே இறக்கி உட்கார வைத்தோம். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். "எதுக்குங்கண்ணா எறக்குனீங்க? அதான் முடிஞ்சுதே. கண்ணு மட்டுந்தான் பாக்கி."

அந்த வார்த்தை என்னை அறுத்தது. போனில் முகத்தைப் படம் பிடித்து அவள் முன்னால் வைத்தேன். பார்த்துச் சிரித்தாள். போனை மெல்ல அவளுடைய வலது பக்கத்துக்கு நகர்த்தினேன். சிரிப்பு நின்றது. விரலால் படத்தைத் தொட்டாள், அரிவாள் பக்கத்துக் கன்னத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். பெயிண்ட் மறைந்திருக்கிறதோ என்று பார்க்கிற மாதிரி.

"இதை நான் உட்டுப்போட்டனா?"

பொங்கியண்ணன் வந்தார். நடந்ததைச் சொன்னேன், கால் நின்ற இடத்தையும் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "சேலத்துல ஒருத்தர் இருக்கறாருங்க. இப்பவே போன் பண்ணிப்போடறேன். அந்தப் பாதிய அவர் முடிச்சுக் குடுத்துரட்டும். அம்மணி கோவிச்சுக்க வேண்டாம்."

நானும் அதைத்தான் நினைத்தேன். "இனி ஏற வேண்டாம் கண்ணு. நான் கட்டின சாரத்துல..."

"உங்க சாரத்தைப் பத்தி அப்புறம் பேசலாமுங்கண்ணா," என்றாள். பிறகு பொங்கியண்ணனைப் பார்த்தாள். "தலைவருங்க, என்ற பாதியச் சீக்கு தின்னுபோட்டுது. சாப்பாட்டுல பாதி, தலையில பாதி, நடையில பாதி. சரின்னு உட்டேன். இப்பச் சாமி மொகத்துலயும் பாதிய அதுக்கே குடுக்கச் சொல்றீங்களா? சேலத்துக்காரரு போட்டா அது அவரு போட்ட பாதியில்லீங்க. சீக்கு வாங்கின பாதி."

"உளுந்துபோட்டீங்கன்னா அம்மணி? கோயல்ல ஒரு சாவுன்னா கும்பாபிஷேகமே நின்னுரும். அதை உடுங்க, உங்க ஊட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உளுகாம ஏறுனா?"

மற்ற துணிகளை அவிழ்த்துவிடலாம் என்றேன். பூசாரி கையை விரித்தார். கட்டின வேண்டுதலைக் கும்பாபிஷேகம் ஆகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. வேறு நிறத்தில் கட்டலாம் என்றார் பொங்கியண்ணன். "அதையும் வேண்டுதல்னு ஊரே கட்டிப்போடுமுங்க," என்றாள் அன்புச்செல்வி. மணி கட்டலாமா? முனியப்பன் கோவிலில் மணிக்கா பஞ்சம், காத்தடித்தால் நாலு பக்கமும் மணிச் சத்தம்தான்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "எங்கண்ணன் நிக்கட்டுமுங்க," என்றாள்.

"நானா?"

"அரிவாப் பக்கத்துக் கடைசியில நின்னு பேசிட்டே இருங்க. உங்க சத்தம் எங்க முடியுதோ அங்க வரைக்கும் நான் போடோணும். தலைவருங்க, துணியக் காத்து அடிச்சுட்டுப் போகும். மணி நின்னு போகும். எங்கண்ணன் வாய் நின்னு நீங்க பார்த்திருக்கறீங்களா?"

பொங்கியண்ணன் சிரித்துவிட்டார். "ஆனா எழுவது வயசுக்கு மேல ஆகிப்போச்சேங்க அவருக்கு?"

அந்த வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "ஏறிக் காட்டட்டுங்களா?" என்றேன்.

சாரத்தில் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. என் வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் வீட்டில் சோறு கிடையாது. முழங்கால் ஒவ்வொரு அடுக்கிலும் சத்தம் போட்டது. ஆனால் குழாயைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தேன், இறுக்கம் அப்படியே இருந்தது. நான் கட்டியது அல்லவா. உச்சிப் பலகையில் அரிவாளின் கீழே முதுகைக் குழாயில் சாய்த்து, என் கொக்கியையும் மாட்டி, அவள் கொக்கியையும் என் கையால் மாட்டினேன். அவள் மீசைக்கான கருப்பைத் தோய்த்தாள்.

"பேசுங்கண்ணா."

பேசினேன். காத்துக்கு மேலே என் சத்தம் கேட்க வேண்டும். சவுக்குக் கம்பு சுமந்ததைச் சொன்னேன். கூலி தராத மேஸ்திரியை நடுரோட்டில் நிறுத்தி வாங்கியதைச் சொன்னேன். முதல் லாரியைச் சொன்னேன். மூக்கடியில் பிரஷ் வைத்தாள், வலது பக்கத்திலிருந்து என் பக்கமாக அது நகர்ந்தது. கன்னத்துக்கு நடுவில் வரும்போது ஒரு காத்து வந்து என் வாயை அடைத்தது. நான் நிறுத்தினேன். பிரஷ்ஷும் நின்றது. அவள் கண் என்னைத் தாண்டி, நான் இல்லாதது போல, திரும்பிப் போனது.

"அண்ணா?"

"இருக்கறேன் கண்ணு, இருக்கறேன். லாரிக்கு என்ன பேர் வெச்சேன் தெரியுமா?"

பிரஷ் மறுபடி என்னை நோக்கி வந்தது. கன்னத்தில் ஏறியது, காதோரம் சுருண்டது, நின்றது. பழையபடி ஒரே இழுப்பு இல்லை. நடுவில் நின்ற இடத்தில் கோடு கொஞ்சம் தடித்திருக்கிறது. இன்றைக்கும் போனால் பார்க்கலாம். அடுத்த நாள் பொழுதுசாய்வதற்குள் புருவமும் கடுக்கனும் முடிந்தன. என் தொண்டை கட்டிவிட்டது.

கண் மட்டும் பாக்கி. கண் திறப்பு கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் காலையில். வெள்ளை விழி பூசியிருந்தது, கருவிழி வைக்க வேண்டும். ஊர் முழுக்கச் சாரத்தடியில் கூடியிருந்தது. நாங்கள் ஏறத் தயாராக நின்றபோது பூசாரி இரண்டு மஞ்சள் துணியோடு வந்தார்.

"வாய் கட்டிக்கிட்டு ஏறோணுமுங்க. கண்ணு திறக்கறப்ப எச்சில், பேச்சு எதுவும் சாமி மேல படக் கூடாது. எங்க கோயல் வழக்கமுங்க இது."

நான் பொங்கியண்ணனைப் பார்த்தேன். அவரும் இதை மறந்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. ஊர் முன்னால் அவர் என்ன சொல்வார்? அன்புச்செல்வி துணியை வாங்கித் தானே கட்டிக்கொண்டாள். எனக்கும் கட்டினார்கள். ஆயுசில் முதல் தடவையாக வாய் கட்டிக்கொண்டு சாரம் ஏறினேன்.

மேளம் நின்றது. மணிகளின் நாக்கை எல்லாம் துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள். காத்து ஒன்றுதான் இருந்தது. அவள் வலது பக்கத்துக் கண்ணில் கருவிழி வைத்தாள். மெல்ல, ஒரு வட்டம். நடுவில் வெள்ளைப் பொட்டு. சாமி ஒரு கண்ணால் ஊரைப் பார்த்தது. கீழே யாரோ விசும்பினார்கள்.

அவள் பிரஷ்ஷை மறுபடி தோய்த்தாள். நிமிர்ந்தாள். பிரஷ் திறந்த கண்ணை நோக்கியே திரும்பவும் போனது.

அவள் பார்வையில் சாமிக்கு வேறு கண் இல்லை. அந்த ஒரு கண்தான் சாமிக்கு. திறந்த கண்ணில் மறுபடி கருப்பு பட்டால் அந்தக் கண் குருடு. நான் கையை ஆட்டினேன், கை அவளுக்கு இடது பக்கம், இல்லாத கை. குழாயைக் காலால் உதைத்தேன், காத்துக்கு எல்லாக் குழாயும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவளைத் தொட்டால் பிரஷ் சாமி முகத்தில் கோடு இழுத்துவிடும். பிரஷ் நுனி கண்ணுக்கு அத்தனை கிட்டத்தில் வந்துவிட்டது.

துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டேன்.

"அம்மணி, நான் மொதமொதல்ல சாரம் கட்டினது எங்க தெரியுமா? சோமனூர்ல ஒரு தறிக்குடோனுக்கு."

பிரஷ் நின்றது.

கீழே ஊரே நிமிர்ந்தது. "யாருங்க அது பேசறது? வாயை மூடச் சொல்லுங்க!" என்று பூசாரி கத்தினார்.

"சவுக்குக் கம்புதான். குழாயெல்லாம் அன்னைக்கு ஏது? மழை வேற. எல்லாரும் எறங்கிப்போட்டாங்க, நான் எறங்கலை..."

"சாமி குத்தமுங்க! எறங்கச் சொல்லுங்க!"

பொங்கியண்ணன் குரல் கேட்டது. உரக்கக்கூட இல்லை. "பூசாரியாரே, நீங்க மூடுங்க சித்தெ. அவரு பேசட்டும்."

அவள் தலை திரும்பியது. திறந்த கண்ணைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, என் பக்கம் வந்தது. நான் நிறுத்தவில்லை. என்ன பேசினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குடோனைச் சொன்னேன், லாரியைச் சொன்னேன், அவள் முதல் மீசை போட்டபோது நான் பக்கத்தில் போய் நின்றதைச் சொன்னேன். கட்டின தொண்டை கிழிந்து கரகரவென்று வந்தது. பிரஷ் அரிவாள் பக்கத்துக் கண்ணில் உட்கார்ந்து ஒரு வட்டம் போட்டது. அவள் அதை முழுசாகப் பார்க்கத் தலையை இன்னும் திருப்பினாள். கண்ணுக்கு அப்பால் நான் இருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கடைசி வெள்ளைப் பொட்டை வைத்தாள்.

கீழே மேளம் வெடித்தது. மணி நாக்குகளை அவிழ்த்துவிட்டார்கள். அரிவாள் பக்கத்துக் கண் மற்றதைவிட ஒரு நூல் பெரிசாக, முறைத்துக்கொண்டு நின்றது. பூசாரி அன்றைக்கு எனக்குத் திருநீறு கொடுக்கவில்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். திரும்பிக்கொள்ளட்டும்.

அன்புச்செல்வி பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள். வாய்த் துணியைக் கீழே இழுத்தாள். முகம் முழுக்க வேர்வை.

"போதுங்கண்ணா," என்றாள். "முடிஞ்சுது. இனி நிறுத்திக்குங்க."

நான் நிறுத்தவில்லை. இறங்குகிற ஏணி அவளுக்கு இடது பக்கத்தில் இருந்தது.